இரண்டு நிமிடத்தில் ஒரு கஷ்டம்

பன்னிரண்டு பத்துக்கு வகுப்பு. அதற்கு முந்தையது கணக்கியல், பிந்தையது சாப்பாடு. பணித்திறன் என்ற பாடத்துக்குக் கல்லூரி ஒதுக்கியிருந்த நேரம் அதுதான். மதிப்பெண் கிடையாது. வந்து உட்கார்ந்தால் தேர்ச்சி. ஐம்பத்தெட்டுப் பேரும் வந்து உட்கார்ந்தார்கள். பாதிப் பேர் வேறு பாடத்தின் நோட்டை மடியில் வைத்து எழுதினார்கள். கடைசி வரிசையில் யாராவது சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார்கள்.

ஆசிரியை இதையெல்லாம் கண்டுகொள்வதை நிறுத்தி ஐந்து வருடமாகிறது. மின்னஞ்சல் எழுதுவது, கூட்டத்தில் பேசுவது, நேரத்தைப் பிரித்துக்கொள்வது, நாலு பேரோடு சேர்ந்து வேலை செய்வது, திட்டு வாங்கினால் முகம் மாறாமல் இருப்பது. எல்லாவற்றையும் நாற்பத்தைந்து நிமிடத் துண்டுகளாக நறுக்கி வைத்திருந்தாள். எந்தக் கேள்விக்கும் பதில் இரண்டு நிமிடத்துக்குள் முடிய வேண்டும் என்பாள். அதனால் மாணவர்கள் அவளுக்கு 'ரெண்டு நிமிஷம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவளுக்கும் தெரியும்.

இந்த வருடம் ஒரு கம்பெனி வருவதாக இருந்தது. காப்பீட்டு மனுக்களைச் சரிபார்க்கும் அலுவலகம். விபத்து, தீ, திருட்டு என்று வரும் மனுக்களைப் படித்து, எது நடந்தது, எது இட்டுக்கட்டியது என்று பிரிக்கும் வேலை. துறைத்தலைவர் இரண்டு வருடம் அவர்கள் வாசலில் தவம் கிடந்து சம்மதம் வாங்கியிருந்தார். வேறு எந்தக் கம்பெனியும் இந்தக் கல்லூரிப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

"அந்தக் கஷ்டக் கேள்விய மட்டும் நல்லா போட்டுத் தேய்ச்சு விடுங்க" என்றார் அவர். "போன தடவை வேற காலேஜ்ல அதுலதான் பாதிப் பேரைக் கழிச்சு விட்டாங்களாம்."

கஷ்டக் கேள்வி என்பது இது: உங்கள் வாழ்க்கையில் வந்த ஒரு கடினமான நிலைமையையும், அதை நீங்கள் சமாளித்த விதத்தையும் சொல்லுங்கள்.

ஆசிரியை ஒவ்வொருவரையும் நூலகத்தை ஒட்டிய சின்ன அறைக்கு அழைத்துக் கேட்டாள்.

"பஸ் பாதி வழில நின்னுடுச்சு மேடம்."

"அப்புறம்?"

"அடுத்த பஸ்ல போனேன்."

இன்னொருவன் தலையைக் குனிந்துகொண்டு, "என் ஆளு என்னை விட்டுட்டுப் போயிட்டா மேடம்" என்றான்.

"சமாளிச்சிட்டியா?"

"இன்னும் இல்ல மேடம்."

கல்லூரி விழா எதுவானாலும் மேடையில் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் ஒருவன் இருந்தான். 'மைக்' என்றுதான் அவனைக் கூப்பிடுவார்கள். "எனக்குக் கஷ்டமே வந்ததில்ல மேடம்" என்றான் அவன். "நீங்களே ஏதாவது ஒண்ணு குடுங்க. பேசறத நான் பார்த்துக்கறேன்."

இப்படியே மூன்று நாள் போனது. கடைசியில் ஐம்பத்திரண்டாம் எண் வந்தாள். வகுப்பில் தூங்குகிற பெண். மூன்று வருடத்தில் அவள் வாயைத் திறந்து ஆசிரியை பார்த்தது கொட்டாவிக்குத்தான்.

"எங்கப்பா சலவைக் கூடத்துல வேலை பார்க்கறாரு மேடம். ஆஸ்பத்திரி போர்வை, ஹாஸ்டல் போர்வையெல்லாம் அங்க வரும். பெரிய உருளை ஒண்ணு இருக்கு. கொதிக்கும். இந்தப் பக்கம் போர்வைய விட்டா அந்தப் பக்கம் தேய்ச்சு வந்துடும். போன வருஷம் பரீட்சைக்கு முன்னாடி, அதுக்குள்ள அவர் கை போயிடுச்சு."

"நீ எங்க இருந்தே?"

"அங்கதான். சாப்பாடு கொண்டு போயிருந்தேன். சிவப்பு பட்டனை அமுக்கினேன், நின்னுடுச்சு. ஆனா உருளை மேல தூக்கல. பக்கத்துல கையால சுத்தற சக்கரம் ஒண்ணு இருக்கு. அது எப்பவும் இறுகிக்கும். மெக்கானிக் ஸ்டூலால அடிச்சுத் திருப்பறதப் பார்த்திருக்கேன். நானும் ஸ்டூலை எடுத்து அடிச்சேன். மூணாவது அடில திரும்புச்சு."

அவள் ஜன்னலைப் பார்த்துப் பேசினாள். ஆசிரியை எழுதுவதை நிறுத்திவிட்டிருந்தாள்.

"அவரு கத்தவே இல்ல மேடம். 'போர்வை கருகுது, முதல்ல போர்வைய எடு'ன்னாரு. அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னாரு. நானும் ஏதோ ஞாபகத்துல முதல்ல போர்வையத்தான் இழுத்தேன்."

மறுநாள் காலையிலிருந்து அப்பாவின் இடத்தில் அவள் நின்றாள். ஐந்து மணியிலிருந்து ஒன்பது மணி வரை. பிறகு கல்லூரி. சலவைக் கூடத்துக்கு மேலே இருக்கும் ஒற்றை அறைதான் அவர்கள் வீடு. அவளும் அப்பாவும் அம்மாவும் தம்பியும். உருளையில் நிற்கிறவர் குடும்பத்துக்கு அந்த அறை. நிற்க ஆள் இல்லையென்றால் அறையும் இல்லை.

ஆஸ்பத்திரிப் போர்வையும் ஹாஸ்டல் போர்வையும் கலந்துபோய் தினமும் சண்டை நடக்குமாம். அவள் ஓரத்தில் பச்சை நூலும் சிவப்பு நூலும் தைத்து வைத்தாள். அதற்குப் பிறகு கலப்பதில்லை.

"இந்தப் பரீட்சை வரைக்கும்தான் பாதி நாள் கணக்குன்னு முதலாளி சொல்லிட்டாரு. அதுக்கப்புறம் முழு நாளும் நிக்கணும். இந்த வேலை கிடைச்சா வேற ரூம் பார்த்துப் போயிடுவோம் மேடம்."

"கிடைக்கலன்னா?"

"உருளைதான்."

ஆசிரியை தாளில் நான்கு கட்டம் போட்டாள். நிலைமை. பொறுப்பு. செயல். பலன். அந்தப் பெண் சொன்னதை எடுத்து அதற்குள் வைத்தாள். எல்லாம் அளவெடுத்துத் தைத்ததுபோல உட்கார்ந்தது. அவசர முடிவு, குடும்பப் பொறுப்பு, புது முறை. ஐந்து வருடத்தில் இப்படி ஒன்று அவள் கைக்கு வந்ததில்லை.

"போர்வை கருகுதுன்னாரே, அத விட்டுடு."

"ஏன் மேடம்?"

"கேக்கறவங்களுக்கு அத எங்க வைக்கறதுன்னு தெரியாது. நீ என்ன முடிவு எடுத்தே, அதால என்ன ஆச்சு. அவ்வளவுதான் அவங்களுக்கு வேணும்."

"ஸ்டூல்?"

"அதுவும் வேண்டாம். நிதானமா செயல்பட்டு அவரைக் காப்பாத்தினேன்னு சொல்லு. அப்புறம், சிரிச்ச முகமா இரு. அழுதுடாத. பாவம்னு ஒரு தடவை தோணிடுச்சுன்னா வேலை குடுக்க மாட்டாங்க."

முதல் தடவை நான்கு நிமிடம் ஆனது. இரண்டாவது தடவை மூன்று. ஐந்தாவது தடவை ஒன்று ஐம்பது. கூழாங்கல் மாதிரி இருந்தது. எங்கே தொட்டாலும் கை வழுக்கியது.

அடுத்த வகுப்பில் ஆசிரியை அதைக் கரும்பலகையில் போட்டாள். பெயர் சொல்லவில்லை. முன்னாலேயே அந்தப் பெண்ணிடம் கேட்டிருந்தாள். "மாதிரிக்கு ஒண்ணு வேணும்மா. உன்னோடத போடட்டுமா?" "போடுங்க மேடம்" என்றிருந்தாள் அவள், வேறெதையோ நினைத்துக்கொண்டு.

நான்கு கட்டம், நான்கு வாக்கியம். ஆசிரியை அதை வாய்விட்டுச் சொன்னபோது வகுப்பில் பேச்சு நின்றது. கடைசி வரிசையில் டப்பா மூடியது. சொல்லி முடித்ததும் ஒரு கைப்பேசி உயர்ந்தது. பிறகு பத்து, இருபது. எல்லாரும் பலகையைப் படம் எடுத்தார்கள்.

சாயங்காலம் வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர்.

"உன் பாடத்தையா படம் எடுத்தாங்க?" என்றார். "போர்டு பின்னாடி வேற ஏதாவது இருந்துச்சா பார்த்தியா?"

"போங்க."

அன்றைக்கு அவள் சந்தோஷமாக இருந்தாள்.

கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். சத்தமாகச் சிரிக்கிற ஓர் ஆண் அதிகாரி. சிரிக்காமல் எழுதிக்கொண்டே இருக்கிற ஒரு பெண் அதிகாரி. கருத்தரங்க அறையில் மேசை போட்டுக் கொடுத்திருந்தார்கள். வெளியே வராந்தாவில் நாற்காலிகள். பட்டியலை வைத்துக்கொண்டு எண் எண்ணாகக் கூப்பிடுவது ஆசிரியையின் வேலை. வரிசையை மாற்றக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

முதல் எண் ஆறு நிமிடத்தில் வெளியே வந்தான். முகம் பளபளத்தது.

"என்னடா கேட்டாங்க?"

"கஷ்டக் கேள்விதான் மேடம். அப்பா கைய சொன்னேன்."

"எந்த அப்பா?"

"போர்டுல போட்டீங்களே மேடம்."

"உங்கப்பா பேங்க்ல இல்ல வேலை பார்க்கறாரு?"

"அது அவங்களுக்கு எப்படி மேடம் தெரியும்?"

ஆசிரியைக்குச் சிரிப்பு வந்தது. அவனை முறைத்துவிட்டு அடுத்த எண்ணைக் கூப்பிட்டாள்.

நான்காம் எண் அதையே சொல்லியிருந்தாள். அவளுடைய அப்பாவின் கை மாவு மில்லில் போயிருந்தது. ஒன்பதாம் எண்ணான மைக் அச்சகத்தில் போக்கியிருந்தான். பதினாறாம் எண் வெளியே வந்து, "எனக்குத்தான் அப்பா இல்லையே மேடம், அதனால மாமாவ மாட்டி விட்டுட்டேன்" என்றான். சுற்றி இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஆசிரியை சிரிக்கவில்லை. வராந்தாவில் காத்திருந்தவர்களைக் கூட்டினாள்.

"இனிமே ஒருத்தரும் அத சொல்லக் கூடாது. புரியுதா? அவங்கவங்களோடத சொல்லுங்க."

எல்லாரும் தலையாட்டினார்கள். அதற்குப் பிறகும் மூன்று பேர் அதைத்தான் சொன்னார்கள். "உள்ள போனதும் பயத்துல வேற எதுவுமே வாயில வரல மேடம்" என்றாள் ஒருத்தி. அவள் கண் கலங்கியிருந்தது. அவளைத் திட்ட முடியவில்லை.

மதியம் ஒன்றரைக்குள் ஏழு கை போயிருந்தது.

இடைவேளையில் ஆசிரியை அதிகாரிகளுக்குத் தேநீர் எடுத்துக்கொண்டு போனாள். ஆண் அதிகாரி நாற்காலியில் சாய்ந்து சோம்பல் முறித்தார்.

"என்ன மேடம், உங்க ஊர்ல அப்பாக்களை எல்லாம் மெஷினுக்குத்தான் நேர்ந்து விடுவீங்களா? எவனுக்கும் முழுசா ரெண்டு கை இல்ல."

பெண் அதிகாரி தலை நிமிரவில்லை. தேநீர்க் கோப்பையை மட்டும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அப்போது சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். இதில் ஒன்று நிஜம், அது இன்னும் வரவில்லை, ஐம்பத்திரண்டாம் எண். இரண்டு நிமிடம்கூட வேண்டாம். ஆனால் அதைச் சொன்னால் மற்ற ஏழும் பொய் என்று சொன்னதாகிவிடும். அந்த ஏழு பேரும் வெளியே போவார்கள். கம்பெனி அடுத்த வருடம் வராது. துறைத்தலைவர் வாசலில் நின்று கட்டை விரலை உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தார்.

"சின்னப் பிள்ளைங்க சார்" என்றாள் ஆசிரியை. சிரித்தாள். தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

ஐம்பத்திரண்டாம் எண் காலை பத்து மணியிலிருந்து வராந்தாவின் கோடியில் உட்கார்ந்திருந்தாள். துணியில் ஒரு சுருக்கம் இல்லை. அந்த வகுப்பிலேயே அவ்வளவு நன்றாகத் தேய்த்த உடை அவளுடையதுதான். தூங்கிவிடக் கூடாது என்று சுவரில் சாயாமல் உட்கார்ந்திருந்தாள். உதடு அசைந்துகொண்டிருந்தது.

இடைவேளைக்குப் பிறகு இன்னொரு கையும் போனது. மூன்றே முக்காலுக்கு ஆசிரியை அவளைத் தூணுக்குப் பின்னால் அழைத்தாள்.

"அப்பா விஷயத்தைச் சொல்லாத."

அந்தப் பெண் புரியாமல் பார்த்தாள்.

"நிறையப் பேர் அத எடுத்துக்கிட்டாங்க. உனக்கு முன்னாடி எட்டு பேரு. இப்ப நீ போயி சொன்னா ஒன்பதாவது ஆள்னு நினைப்பாங்க. வேற ஏதாவது சொல்லு."

"வேற என்ன மேடம்?"

"குரூப் ப்ராஜெக்ட் செஞ்சோமே. அதுல யாரும் ஒத்துழைக்கல, நீயே முன்னாடி நின்னு முடிச்சேன்னு சொல்லு."

"அதுல நான் தூங்கிட்டேனே மேடம். மைக்தான் முடிச்சான்."

"பரவாயில்ல. சொல்லு."

"சரி மேடம்" என்றாள். வாசலுக்குப் போனவள் திரும்பி வந்தாள். "மேடம், எட்டு பேருக்கும் அது சரியா வந்துச்சா?"

அதற்குள் உள்ளே மணி அடித்தார்கள்.

கதவில் ஒரு முழ அளவுக்குக் கண்ணாடி இருந்தது. ஆசிரியை அதன் பக்கத்தில் நின்றாள். சத்தம் கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் முதுகு தெரிந்தது. நேராக உட்கார்ந்திருந்தாள். சொல்லிக்கொடுத்தபடி கையை மடியில் வைத்திருந்தாள். பெண் அதிகாரி ஏதோ கேட்டாள். பதில் வந்தது. இன்னொன்று கேட்டாள். பதில் வரவில்லை. ஆண் அதிகாரி பேனாவை மேசையில் உருட்டினார். பிறகு அந்தப் பெண் பேச ஆரம்பித்தாள். அதிகாரி நடுவில் கையை உயர்த்தி நிறுத்தினார். என்னவோ கேட்டார். அவள் தலையாட்டினாள். அவர் சிரித்தார். பெண் அதிகாரிகூட உதட்டைச் சுழித்தாள். அந்தப் பெண்ணின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று ஆசிரியை நினைத்தாள்.

அவள் வெளியே வந்தபோது கண் காய்ந்திருந்தது.

"ப்ராஜெக்ட்தான் சொன்னேன் மேடம். கூட யார் யார் இருந்தாங்க, அதுல எது கஷ்டம்னு தோண்டித் தோண்டிக் கேட்டாங்க. எனக்குச் சொல்ல வரல. அப்புறம் வேற வழி இல்லாம அப்பாவச் சொன்னேன். 'கை மெஷின்ல மாட்டிச்சா?'ன்னு அந்த சார் முந்திக்கிட்டாரு. ஆமான்னேன். சிரிச்சாங்க."

"நீ என்ன பண்ணினே?"

"சிரிச்ச முகமா இருக்கச் சொன்னீங்களே மேடம். நானும் சிரிச்சேன்."

ஐந்து மணிக்குப் பட்டியல் வந்தது. ஆறு பேர். அந்தக் கல்லூரியில் ஒரே நாளில் ஆறு பேருக்கு வேலை கிடைத்ததில்லை. துறைத்தலைவர் ஆசிரியையின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். "எல்லாம் உங்க உழைப்பு" என்றார். ஆறு பேரில் மூன்று பேர் கை சொன்னவர்கள். மைக் முதலிடம். நண்பர்கள் அவனைத் தோளில் தூக்கிவைத்துப் படம் எடுத்தார்கள்.

ஆசிரியை வெளியே ஓடினாள். அதிகாரிகளின் கார் இன்னும் கிளம்பியிருக்கவில்லை. ஆண் அதிகாரி பெட்டியைப் பின்னால் வைத்துக்கொண்டிருந்தார். பெண் அதிகாரி ஏறி உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி இறங்கியிருந்தது.

"ஒரு நிமிஷம் மேடம். ஐம்பத்திரண்டாம் நம்பர்."

பெண் அதிகாரி மடியிலிருந்த கோப்பினைப் புரட்டினாள். "கடைசியா கை சொன்ன பொண்ணு."

"அவ சொன்னது நிஜம். கதையே அவளோடதுதான். மத்தவங்க அவகிட்டேருந்து எடுத்தாங்க."

"அப்படியா?" அவள் குரலில் ஆச்சரியம் இல்லை. "பதினெட்டு வருஷமா இதே வேலை பார்க்கறேன் மேடம். நிஜமா நடந்ததுல எப்பவும் ஒண்ணுக்கும் உதவாத ஏதோ ஒண்ணு இருக்கும். இட்டுக்கட்டறவங்களுக்கு அது தோணாது. அந்தப் பொண்ணு சொன்னதுல அப்படி ஒண்ணும் இல்ல. துடைச்சு வெச்ச மாதிரி இருந்துச்சு. ஒன்பதாம் நம்பர் பையன் சொன்னான், அப்பா கைக் கடிகாரம் மெஷினுக்குள்ள நிக்காம ஓடிட்டே இருந்துச்சாம், அந்த டிக் டிக் மட்டும் கேட்டுச்சாம். அத எல்லாம் யாராலயும் கற்பனை பண்ண முடியாது."

"இவளோடதுலயும் இருந்துச்சு" என்றாள் ஆசிரியை. "கை உள்ள இருக்கும்போது அவங்கப்பா, போர்வை கருகுது, முதல்ல அத எடுன்னாராம்."

பெண் அதிகாரி முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தாள். "இத ஏன் அவ சொல்லல?"

"நான்தான் வேண்டாம்னேன்."

ஆண் அதிகாரி பின்கதவைச் சாத்தினார். "நல்லா வெட்டறீங்க மேடம். நீங்க பேசாம எங்க ஆபீசுக்கே வந்துடுங்க."

பெண் அதிகாரி சிரிக்கவில்லை. கோப்பினை மூடினாள். "இப்ப என்ன செய்யச் சொல்றீங்க? கை சொன்ன மூணு பேரையும் எடுத்துடட்டுமா? நீங்க எழுதிக் குடுத்தா எடுத்துடறேன். ஆனா அந்த இடத்துக்கு இவ வர மாட்டா. இவளுக்கு மேல இன்னும் முப்பது பேரு இருக்காங்க."

படிக்கட்டில் மைக்கின் அம்மா வந்து நின்றிருந்தார். யாரோ தொலைபேசியில் சொல்லி ஓடிவந்திருக்க வேண்டும். காலில் வீட்டுச் செருப்பு. மகனின் முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாம்" என்றாள் ஆசிரியை.

கார் போய்விட்டது.

பரீட்சை முடிந்த அடுத்த சனிக்கிழமை மதியம் அவள் சலவைக் கூடத்தைத் தேடிப் போனாள். மூன்று மாதம் கழித்து வேறொரு கல்லூரியில் வேறொரு கம்பெனி ஆள் எடுக்கிறது, படித்து முடித்தவர்களும் போகலாம் என்று கேள்விப்பட்டு விண்ணப்பத் தாளை வாங்கி வைத்திருந்தாள். தபாலில் அனுப்பியிருக்கலாம்.

உள்ளே நுழைந்ததும் சூடு முகத்தில் அறைந்தது. பேச்சுக் கேட்காத இரைச்சல். ஆள் உயரத்துக்கு ஈரத் துணி மூட்டைகள். நடுவில் உருளை. அது இவ்வளவு நீளமாக இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. அந்தப் பெண்ணும் இன்னொரு அம்மாளும் ஒரு போர்வையின் இரண்டு முனைகளைப் பிடித்து உதறி, நீட்டி, உருளையின் வாயில் விட்டார்கள். துணி விரலை விட்டுப் போகும் கடைசி நொடியில் கையை எடுத்தார்கள். அடுத்த போர்வை. மறுபடி அதே நொடி. உருளைக்கு முன்னால் கை போகாமல் இருக்க ஒரு தடுப்புக் கம்பி இருந்தது. அதை மேலே தூக்கிக் கயிற்றால் கட்டி வைத்திருந்தார்கள்.

மறுபக்கம் ஒருவர் நின்று, வருகிற போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தார். இடது கையால் மடித்து, வலது மணிக்கட்டால் அழுத்தினார். மணிக்கட்டோடு அந்தக் கை முடிந்திருந்தது.

ஆசிரியையைப் பார்த்ததும் அந்தப் பெண் அவரிடம் எதையோ கத்தினாள். அவர் மடிப்பதை விட்டுவிட்டு வந்தார்.

"வாங்க டீச்சர், வாங்க. உட்கார இடம்கூட இல்ல பாருங்க." மடித்த போர்வைகளில் ஓர் அடுக்கைத் தட்டிக் காட்டினார். "இதுல உட்காருங்க. ஆஸ்பத்திரியோடது, சுத்தமா இருக்கும்." அவள் உட்காரவில்லை. "என் கைதான் உங்க கிளாஸ்ல பாடமாமே? பாப்பா சொல்லிச்சு. எத்தனை பேருக்கு வேலை கிடைச்சுதாம்?"

"மூணு பேருக்குங்க."

"மூணா?" அவர் மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்தார். "இருந்த வரைக்கும் ஒருத்தருக்கும் பிரயோசனம் இல்ல இதனால. போனப்புறம் மூணு பேரைக் கரையேத்திடுச்சு." கடகடவென்று சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர், மகள் வருவதைப் பார்த்ததும் நிறுத்தினார். "நீங்க பேசுங்க டீச்சர். நான் அந்தப் பக்கம் பார்த்துக்கறேன், துணி சேர்ந்துடும்."

இருவரும் பின்வாசலுக்கு வந்தார்கள். அங்கே சத்தம் கொஞ்சம் குறைவு. பெண்ணின் புறங்கையில் புதிதாக இரண்டு கொப்புளம் இருந்தது. ஆசிரியை மன்னிப்புக் கேட்பதற்காகத்தான் வந்திருந்தாள். வழியெல்லாம் வாக்கியத்தை அமைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"நான் அன்னைக்கே அவங்ககிட்ட சொல்லியிருக்கணும்" என்றாள்.

"பரவாயில்ல மேடம்."

"இல்லம்மா. நான் சொன்னத நீ கேட்டிருக்கவே கூடாது."

"அது எப்படி மேடம், நீங்கதானே டீச்சர்." குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் ஆசிரியையால் தாங்க முடியாமல் இருந்தது. "மேடம், அது என்ன பேப்பர்?"

கொடுத்தாள். பெண் ஈரக் கையை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். நின்றபடியே முழுவதையும் படித்தாள். இரண்டாம் பக்கத்துக்கு வந்ததும் விரலை ஓரிடத்தில் வைத்தாள்.

"இவங்களும் கஷ்டக் கேள்வி கேக்கறாங்க."

"எல்லாரும் கேப்பாங்க."

"எங்கப்பாவோடது இனிமே ஆகாது மேடம். மைக் அந்தக் கம்பெனில சேர்ந்த அன்னைக்கே அத போட்டோவோட நெட்ல போட்டுட்டான். ஆயிரம் பேரு பார்த்திருக்காங்க. நான் சொன்னா அவன்கிட்டேருந்து எடுத்தேன்னுதான் சொல்லுவாங்க."

உள்ளே அந்த அம்மாள் கூப்பிட்டாள். தனியாக இரண்டு முனையையும் பிடிக்க முடியாது. "தோ வந்துட்டேன் அக்கா" என்று கத்தினாள் பெண். விண்ணப்பத்தை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். இரண்டடி போனவள் நின்றாள். வகுப்பில் சந்தேகம் கேட்பவள்போலக் கொஞ்சம் தயங்கினாள்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீட்டுல யாருக்காவது இந்த மாதிரி ஏதாவது ஆகியிருக்கா?"